சூழப்பட்ட இரு நிலங்கள்: காரைக்காலும் லெசோத்தோவும்

1. கேள்வி

ஒரு நாட்டுக்குக் கடற்கரை இல்லாமற் போவதே அதன் வறுமைக்கும் சார்புக்கும் முதற்காரணம் என்னும் கருத்து பொருளியல் எழுத்தில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில், நீர்வழிப் போக்குவரத்து எட்டாத ஆப்பிரிக்க உள்நிலப் பகுதிகளில் வணிகமும் தொழிற்பிரிவும் வளராததற்கு இதையே காரணமாகக் காட்டினார். 2007இல் பால் கோலியர், உலகின் மிக ஏழை நாடுகள் சிக்கியுள்ள பொறிகள் எனச் சிலவற்றைச் சொன்னபோது, மோசமான அண்டை நாடுகளுக்கு நடுவே கடலின்றிக் கிடப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். ஆப்பிரிக்காவின் 54 நாடுகளில் 16 கடற்கரையற்றவை. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை தன் 125ஆம் பிரிவில் அத்தகைய நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையை ஒப்புக்கொண்டாலும், அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளை இடையிலுள்ள நாட்டோடு பேசித் தீர்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது.

இந்த விளக்கத்தில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கடல் இல்லாதிருப்பது ஒன்று. வெளியேறும் வழியெல்லாம் பிறர் கையில் இருப்பது மற்றொன்று. பெரும்பாலான கடலற்ற நாடுகளில் இரண்டும் சேர்ந்தே வருவதால் எது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினம். பிரித்தறிய வேண்டுமானால், கடலின்றி ஒரே அண்டை நாட்டால் முற்றிலும் சூழப்பட்ட நிலம் ஒன்றையும், கடல் இருந்தும் தரைப்பக்கம் முழுவதும் ஒரே அண்டை ஆட்சியால் சூழப்பட்ட நிலம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதற்குத் தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் அமைந்த லெசோத்தோ பொருந்தும். இரண்டாவதற்குக் காவிரிக் கழிமுகத்தில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் சூழ அமைந்த, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டான காரைக்கால் பொருந்தும்.

ஒன்று இறைமை கொண்ட நாடு, மற்றது ஒரு மாவட்டம் என்னும் வேறுபாடு பெரிது. ஆயினும் 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, காரைக்கால் தன்னைச் சூழ்ந்த நிலத்திலிருந்து வேறான அரசுரிமையின் கீழ் இருந்தது. அதன் எல்லை நாடுகளுக்கிடையிலான எல்லை. ஒப்பீடு நிற்பது முதன்மையாக அக்காலத்தின் மீது.

2. எல்லைகள் உருவான விதம்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது தஞ்சை அரியணைச் சண்டையின் விளைவாகும். அரியணையை இழந்திருந்த மராத்திய மன்னர் சாகுஜி, உதவிக்கு ஈடாகக் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில ஊர்களையும் தருவதாக 1738இல் புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் ஒப்புக்கொண்டார். பிறகு அரியணையைத் திரும்பப் பெற்றதும் அவர் தயங்கவே, அப்போது தஞ்சைக்கு எதிராகப் படை நடத்திக்கொண்டிருந்த சந்தா சாகிப்பின் ஆட்கள் கோட்டையைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தனர். 1739 பிப்ரவரியில் கொடி ஏறியது. 1749–50இல் தஞ்சை மீதான முற்றுகையின் அழுத்தத்தில் மேலும் 81 ஊர்கள் சேர்ந்தன. ஆங்கில–பிரெஞ்சுப் போர்களில் பலமுறை கைமாறிய பின், 1814, 1815 உடன்படிக்கைகளின்படி 1817இல் காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக் கைக்கு வந்தது. 1799இல் தஞ்சையின் ஆட்சியதிகாரம் ஆங்கிலக் கும்பினியின் கைக்குப் போய்விட்டதால், திரும்பக் கிடைத்த காரைக்கால் பிரித்தானிய இந்தியாவால் சூழப்பட்டதாகவே கிடைத்தது.

வடக்கில் மட்டும் சிறிது காலத்துக்கு நிலைமை வேறு. இன்று கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சேர்ந்த பூவம் காரைக்காலின் வட எல்லை ஊர். அங்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்துப் பொறையாரும் தரங்கம்பாடியும் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை டேனியர் வசம் இருந்தன. ஆக, இரண்டு ஐரோப்பிய அரசுகளுக்கு இடையே சில காத தூரக் கரையில் வாழ்ந்த விவசாயியும் மீனவரும், உறவும் கோவிலும் சந்தையும் ஆற்றுக்கு இருபுறமும் கிடக்க, வரியை மட்டும் வெவ்வேறு கச்சேரிகளில் கட்டினர்.

லெசோத்தோவின் எல்லை தோல்வியின் எல்லை. 1820களில் தென்னாப்பிரிக்க உயர்நிலங்களைக் குலைத்த போர்களிலிருந்து தப்பி வந்த பல குழுக்களைத் தாபா போசியூ என்னும் தட்டைமலைக் கோட்டையில் திரட்டி, பசோத்தோ மக்களினத்தை உருவாக்கியவர் மோஷ்வேஷ்வே. 1833இல் வந்த பாரிஸ் புரொட்டஸ்டண்ட் மறைப்பணியாளர்களுள் ஒருவரான யூஜேன் கசாலிஸ் அவருக்கு அயலுறவில் ஆலோசகராக இருந்தார். மொகோகாரே ஆற்றின் மேற்கே இருந்த வளமான சோளநிலம் 1858, 1865–68 போர்களில் போயர் குடியேறிகளின் ஆரஞ்சு சுதந்திர நாட்டிடம் போயிற்று. எஞ்சியதையாவது காக்க வேண்டி மோஷ்வேஷ்வே கேட்டுக்கொண்டதன்பேரில் 1868 மார்ச்சில் பிரித்தானியா அந்நிலத்தைத் தன் காப்பில் எடுத்துக்கொண்டது. 30,355 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இன்றைய லெசோத்தோவின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழுநிலமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த நாடு உலகில் இது ஒன்றே. நல்ல வயலைப் பறிகொடுத்து மலையை வைத்துக்கொண்ட மக்கள் பசோத்தோக்கள் என்பதை நினைவில் வைக்காமல் அவர்களது பின்னாளைய வறுமையைப் புவியியலின் கணக்கில் எழுதுவது வரலாற்றை மறைப்பதாகும்.

ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990இல் எழுதிய ஆய்வின் வலிமை இங்கேதான் இருக்கிறது. உலக வங்கியின் 1975ஆம் ஆண்டு அறிக்கை லெசோத்தோவை நவீனப் பொருளாதாரத்தின் கை படாத, ஒதுங்கிய வேளாண் சமூகமாகச் சித்திரித்தது. உண்மையில் 1870களிலேயே அந்நாடு கிம்பர்லி வைரச் சுரங்க நகருக்குத் தானியம் விற்றுக்கொண்டிருந்தது என்பதையும், நில இழப்பும் வரியும் அதைச் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பும் நிலமாக மாற்றின என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தனிமைப்பட்டதால் ஏழையானது என்ற விளக்கம், மிக நெருக்கமாகப் பிணைக்கப்பட்டதால் ஏழையானது என்ற சான்றின் முன் நிற்கவில்லை.

3. உப்பு விளைக்க முடியாத கடற்கரை

காரைக்காலுக்குக் கடல் இருந்தது. அந்தக் கடலால் என்ன கிடைத்தது என்று பார்த்தால், முதலில் எதிர்ப்படுவது உப்பு. 1815 மார்ச்சில் இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலக் கும்பினிக்குப் போயிற்று. அதற்கும் அபினி உரிமைக்கும் ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. 1818இல் ஏற்பட்ட மற்றோர் உடன்பாடு இதையும் கடந்து, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைப்பதையே நிறுத்தியது. அளத்துக்காரர்களுக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திரப் பகோடா தருவதாக ஏற்பாடாயிற்று. உள்ளூர் மக்கள் உண்ணும் உப்பை ஆங்கிலேயர் அடக்கவிலைக்குக் கொடுக்க, பிரெஞ்சு நிர்வாகம் அதை வாங்கி விற்றது.

தென்னை நிழலுக்கு அப்பால் கடல் தெரியும் ஊரில், வேறொரு அரசின் உப்பை விலை கொடுத்து வாங்கித் தின்னும் நிலைமை இப்படித்தான் வந்தது. காரணம் எளிது. ஆங்கில ஆட்சியின் வருவாயில் உப்புவரி முக்கியமானது. தஞ்சை மாவட்டத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கும் ஒரு சிறு நிலத்தில் வரியில்லா உப்பு விளைந்தால் அது எல்லையைத் தாண்டிப் பரவிவிடும். சூழ்ந்திருப்பவரின் வரிக் கொள்கை, சூழப்பட்டவரின் இயற்கை வளத்தையே செயலிழக்கச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதைத் தமிழ் வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அதே கடற்கரையில் வடக்கே அமைந்த காரைக்காலின் உப்பளங்கள் 112 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தால் அடைபட்ட செய்தி அந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

லெசோத்தோவின் நிலையும் இதற்கு அயலானதன்று. 1910இல் ஏற்பட்ட தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் அது உறுப்பானது; சுங்க விகிதங்களைத் தீர்மானித்தது தென்னாப்பிரிக்காவே. அந்த ஒன்றியத்திலிருந்து வரும் பங்கு இன்றும் லெசோத்தோ அரசின் வருவாயில் பெரும்பகுதி.

4. வெளியேறிய உடல்கள்

உப்புக்கு மூடப்பட்ட கரை மனிதர்களை ஏற்றுவதற்குத் திறந்திருந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தக் கூலிகளை ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் அனுப்பும் துறைமுகங்களாயின. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதற்கப்பல்கள் போய்ச் சேர்ந்தன; 1880களின் இறுதி வரை குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றனர்.

இவர்களுள் காரைக்காலில் பிறந்தவர் சிறுபகுதியே இருக்க முடியும். சிறு நிலம் ஒன்று அத்தனை பேரைத் தந்திருக்க இயலாது. தஞ்சையின் ஆங்கிலப் பகுதியிலிருந்து ஆள்பிடிகாரர்கள் எல்லை தாண்டிக் கொண்டுவந்தவர்களே மிகுதி. இது சட்டவிரோதம் என்றும் ஏமாற்றியும் கடத்தியும் ஆட்களைக் கொண்டுபோகிறார்கள் என்றும் ஆங்கில அதிகாரிகள் குற்றஞ்சாட்டி வந்தனர். 1861 ஜூலையில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாடு, பிரித்தானிய இந்தியக் குடிகளையும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குச் சேர்க்க வழி திறந்து, கண்காணிக்கப் பிரெஞ்சுத் துறைமுகங்களில் பிரித்தானிய முகவர்களை அமர்த்தியது. கொடுமைகள் பற்றிய புகார்கள் ஓயாததால் ரீயூனியனுக்கு 1882இலும், கரீபியத் தீவுகளுக்கு 1888இலும் இக்குடிபெயர்வு நிறுத்தப்பட்டது. எல்லை இங்கே தடையாக இல்லை. ஒரு பக்கத்தில் குற்றமாக இருந்ததை மறுபக்கத்தில் வியாபாரமாக்கும் கருவியாக இருந்தது.

லெசோத்தோவில் 1870 வாக்கில் ஒரு குடிசைக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் என வரி விதிக்கப்பட்டது. பணமாகவே கட்ட வேண்டிய அந்த வரிக்கும், துப்பாக்கி முதல் போர்வை வரையிலான தேவைகளுக்கும் ஆண்கள் கிம்பர்லிக்கும் பின்னர் ஜோகனஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கும் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் அண்டை நாட்டுச் சுரங்கங்களில் இருந்தனர். ஊரில் குடும்பத்தையும் வயலையும் சுமந்தவர்கள் பெண்கள். காலின் மரே 1981இல் எழுதிய நூல் இந்தப் பிரிவு குடும்ப அமைப்பை எப்படி மாற்றியது என்பதை ஆராய்கிறது. கப்பலில் போனவரும் இரயிலில் போனவரும் வெவ்வேறு திசையில் போனாலும், இரு நிலங்களும் உழைப்பை வெளியே அனுப்பும் வாயிலாகப் பயன்பட்டன என்பதில் கடல் இருந்ததும் இல்லாததும் வேறுபாடு செய்யவில்லை.

5. முற்றுகையும் ஒப்புதலும்

சூழப்பட்ட நிலத்தின் பலவீனம் முழுமையாகத் தெரிவது சூழ்ந்திருப்பவர் கதவை மூடும் நாளில்தான். 1941இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரித்தானிய இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டு எல்லைச் சாவடிகளின் தேவை குறைந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1949இல் அதை முடித்துக்கொண்டதும் சாவடிகள் திரும்பின, கள்ளக்கடத்தல் பெருகியது. 1954இல் இணைப்புப் போராட்டம் உச்சத்தை அடைந்தபோது இந்திய அரசு போக்குவரத்தையும் சரக்கையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. வாக்கின் முடிவு மக்களின் விருப்பத்தோடு ஒத்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நெருக்கடியின் அழுத்தமும் அந்த ஆண்டின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதை விட்டுவிட முடியாது.

லெசோத்தோவில் இதே கருவி நேர்மாறான நோக்கத்துக்குப் பயன்பட்டது. நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசாருக்கு இடங்கொடுப்பதாகக் குற்றஞ்சாட்டி, தென்னாப்பிரிக்கா 1986 ஜனவரியில் எல்லையை அடைத்தது. உணவும் எரிபொருளும் தடைப்பட்ட சில வாரங்களுக்குள், ஜனவரி 20 அன்று, ராணுவம் பிரதமர் லெபுவா ஜொனாதனின் ஆட்சியைக் கவிழ்த்தது. ஒரு முற்றுகை மக்கள் விரும்பிய இணைப்புக்குத் துணை நின்றது; மற்றது விடுதலைப் போராளிகளுக்கு நிழல் தந்த நாட்டைப் பணியவைத்தது. இரண்டையும் ஒரே அறத் தராசில் வைக்கக் கூடாது. ஆயினும் காரைக்காலின் துறைமுகம் அதை முற்றுகையிலிருந்து காப்பாற்றவில்லை என்பது இக்கட்டுரையின் கேள்விக்கு நேரான விடையாகும்.

இரு நிலங்களும் தங்கள் தனி நிலையைக் காத்துக்கொண்டது ஒப்புதல் என்னும் கோட்பாட்டால்தான். 1909ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சட்டம், அன்று பசூத்தோலாந்து எனப்பட்ட லெசோத்தோவைப் பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைக்க வழிவைத்தது. மக்களைக் கலந்துகொள்ளாமல் அது நடக்காது என்று பிரித்தானியா உறுதி கூறியிருந்ததும், பசோத்தோ தலைவர்கள் விடாமல் எதிர்த்ததும் சேர்ந்து அதைத் தடுத்தன. 1966 அக்டோபர் 4இல் நாடு விடுதலை பெற்றது. காரைக்கால் உள்ளிட்ட பகுதிகளை ஒப்படைக்க 1956 மே 28இல் செய்துகொண்ட உடன்படிக்கையும், அவற்றின் தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்று விதித்தது. 1979 ஜனவரியில் இப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைக்கலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியதும் எழுந்த கொந்தளிப்பு, அந்த வாக்கியத்தை மக்கள் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தார்கள் என்பதைக் காட்டியது. இணைப்பு யோசனை கைவிடப்பட்டது.

எல்லை சூழ்ந்தவரையும் பாதிக்கும். 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டம், 1997இல் திருவாரூர் தனி மாவட்டமான பின், நடுவில் காரைக்காலும் புகுந்து நின்றதால் இரண்டு துண்டாகவே இருந்தது. வடக்குத் துண்டிலிருந்த சீர்காழிக்காரர் கடலோரச் சாலையில் தம் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் பூவத்தில் நுழைந்து வாஞ்சூரில் வெளியேற வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோதுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

6. தலைமடையும் கடைமடையும்

நீரில்தான் இரு நிலங்களும் முற்றிலும் எதிரெதிராக நிற்கின்றன. லெசோத்தோ தலைமடை. ஆரஞ்சு ஆறு என வெளியுலகம் அறிந்த செங்கு, அதன் மலோட்டி மலைகளில் பிறக்கிறது. 1986 அக்டோபர் 24 அன்று, எல்லை அடைப்பின் விளைவாக ஆட்சிக்கு வந்த ராணுவ அரசு, அந்நீரைச் சுரங்கக் குழாய்கள் வழியே ஜோகனஸ்பர்க் தொழிற்பகுதிக்குத் திருப்பும் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவுடன் கையெழுத்திட்டது. 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணை 195 கோடி கனமீட்டர் கொள்ளும். டெல்டாவின் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 69 டி.எம்.சி., அதாவது மேட்டூரின் கொள்ளளவில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கீழ்நிலத்தில் வேறு திட்டம் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் மிச்சத்தில் 56 விழுக்காடு லெசோத்தோவுக்கு உரிமத்தொகையாக வருகிறது. கடலற்ற நாடு தன் உயரத்தை விற்கிறது. 1998 செப்டம்பரில் அரசியல் கலகத்தின்போது நுழைந்த தென்னாப்பிரிக்கப் படை காட்சே அணையையும் கைப்பற்றிக் காவல் வைத்தது என்பது, அந்த உயரத்தின் மதிப்பை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லும்.

காரைக்கால் கடைமடை, வாய்க்கால் முறையில் கடைசியாக நீர் பெறும் நிலத்துக்குக் கழிமுக விவசாயிகள் வைத்திருக்கும் சொல் அது. அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு, நண்டலாறு, வாஞ்சியாறு ஆகிய காவிரிக் கிளைகள் குடகில் தொடங்கும் நெடும்பயணத்தின் கடைசிச் சில மைல்களில்தான் காரைக்காலுக்குள் வருகின்றன. மேட்டூரிலோ கல்லணையிலோ மதகைத் திறப்பதும் மூடுவதும் காரைக்கால் நிர்வாகத்தின் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆற்றில் வரத்து நின்றால் கடல்நீர் முகத்துவாரம் வழியே மேலேறி வயலையும் நிலத்தடி நீரையும் உவராக்கும். கடலை வைத்திருப்பது இங்கே சொத்தாக இல்லாமல் ஆபத்தாக மாறுகிறது. கடல் இல்லாத லெசோத்தோவுக்கு இந்தத் துன்பம் தெரியாது.

1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் காவிரி நீரைப் பற்றி ஒப்பந்தம் செய்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் அதில் ஒரு தரப்பாக இல்லை. 1990 ஜூனில் அமைந்த நடுவர் மன்றத்தின் முன்தான் புதுச்சேரி ஒரு தரப்பாக நின்றது. 1991 இடைக்கால ஆணை தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. வழங்கி, அதிலிருந்து 6 டி.எம்.சி.யைக் காரைக்காலுக்குத் தரச் சொன்னது. 2007 இறுதித் தீர்ப்பு அதை 7 ஆக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கைக் கூட்டி, தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தபோதும் அந்த 7ஐத் தொடவில்லை. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிடப்பட்ட ஆற்றில் 7 என்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அளவைவிட, அது உரிமையாக எழுதப்பட்டிருப்பதே முக்கியம்.

உரிமை யாருடைய குரலில் பேசப்படுகிறது என்பது வேறு கேள்வி. காட்சே, மொகாலே அணைகளால் மேய்ச்சலையும் வயலையும் இழந்த மலைவாசிகள் இழப்பீட்டுக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. உரிமத்தொகை தலைநகர் மசேருவில் உள்ள அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. காவிரி மேலாண்மை ஆணையத்தில் புதுச்சேரிக்கு ஓர் இருக்கை உண்டு. அதில் அமர்பவர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தலைநகரின் துறைச் செயலர். பூவத்து வயலுக்கு நண்டலாற்று நீர் எந்த வாரத்தில் வேண்டும் என்பதைத் தெரிந்து சொல்லக்கூடிய அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்து. 1968க்குப் பின் 2006இல்தான் அதற்குத் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்த பின், அடுத்த பத்தாண்டிலும் தேர்தல் நடத்தப்படவில்லை. கீழூரில் மக்கள் பிரதிநிதிகளின் கையை எண்ணி இணைக்கப்பட்ட நிலத்தில், கடைமடை ஊருக்கு நீரைக் கேட்டுப் பேச மக்களே தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இல்லாத நிலை அந்தப் பத்தாண்டு முழுவதும் நீடித்தது.